மந்திரியைத் தரையில் உட்கார வைத்த வரவேற்பு

முல்லகூன் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பூங்காவில் நெருப்பு மூட்டி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு நாள்கூட அது அணையவில்லை. வெர்னாவின் தம்பி அந்த ஸ்டேஷன் லாக்கப்பில் செத்துப்போன மறுநாள், நியாயம் கிடைக்கும்வரை அணைப்பதில்லை என்று மூட்டியது. அவன் பெயரை நானும் சொல்லப்போவதில்லை. இறந்தவர் பெயரை, குடும்பம் சரி என்று சொல்லும்வரை, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான எங்கள் கூரி ஜனங்கள் வாயால் சொல்வதில்லை. ஊர்க் கால்பந்து டீம் ஃபைனலில் ஜெயித்த சந்தோஷத்தில் மூக்கு முட்டக் குடித்துவிட்டு, ஆற்றங்கரை பெஞ்சில் படுத்துத் தூங்கியவன் அவன். யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. பொது இடத்தில் போதையில் கிடந்தான் என்று தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே விழுந்து மண்டை உடைந்தவனை விடியும்வரை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அதே ராத்திரி அதே மேட்சுக்காகக் குடித்துத் தள்ளாடிய வெள்ளைக்காரப் பண்ணை முதலாளி ஒருவரை அதே போலீஸ் கார் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, குட் நைட்டும் சொல்லிவிட்டு வந்தது.

ஜனங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குடித்திருக்கிறான் என்பதற்காக இனி ஒருத்தரையும் லாக்கப்பில் போடாதே. வீட்டில் விடு, இல்லை ஆஸ்பத்திரியில் விடு.

தலைநகரில் பாலம் கொள்ளாமல் ஊர்வலம் போன பிறகு, தன் மனம் உடைந்துவிட்டதாக முதலமைச்சர் டிவியில் சொன்னார். எதிர்க்கட்சித் தலைவர் தன் மனம் அதைவிட அதிகமாக உடைந்திருப்பதாகச் சொன்னார். போலீஸ் மந்திரி கிரெய்டனுக்கு மனம் எதுவும் உடையவில்லை. கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். கூட்டம் குறையவில்லை என்றதும், தானே முல்லகூனுக்கு வருவதாக அறிவித்தார். சட்டத்தை மாற்றவா? அதுதான் இல்லை. ஸ்டேஷன் முன்பக்கத்தில் ஒரு நல்லுறவு அறையைத் திறந்து வைக்கத்தான். உள்ளே ஒரு சோபா, ஒரு காபி மெஷின், சுவரில் ஒரு கங்காரு படம். இதை வைத்து எங்கள் வாயை அடைத்துவிடலாம் என்று எந்தப் புண்ணியவான் யோசனை சொன்னானோ!

அரசாங்க விழா எதுவானாலும் அந்த மண்ணுக்குரியவர் ஒருவர் முதலில் எழுந்து வரவேற்புச் சொல்ல வேண்டும். அது ஆகாமல் மந்திரி மைக்கைத் தொடமாட்டார். முல்லகூனில் அந்த உரிமை வெர்னாவின் குடும்பத்துக்கு. ஸ்கூல் பஸ் ஓட்டும் வெர்னாவைப் பிள்ளைகள் அத்தை என்று கூப்பிட்டு, பிறகு ஊரே அத்தை என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. பாங்க் கிளை, நீச்சல் குளம், ஆட்டுச் சந்தை என்று அவள் வரவேற்காத விழா இல்லை. எங்கள் பாஷையில் நாலு வார்த்தை, இங்கிலீஷில் நாலு வார்த்தை, கைதட்டல், தீர்ந்தது.

மந்திரியின் உதவியாளர் டங்கன் போன் செய்தான். "வணக்கம் ஆன்ட்டி வெர்னா!" மரியாதை எப்படிக் கொடுப்பது என்று வகுப்பு எடுத்து அனுப்பியிருந்தார்கள் போல.

"எந்த ஊர்ல எனக்கு மருமகன் ஆனே தம்பி நீ?" என்றாள் வெர்னா.

அவன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருமினான். "வரவேற்பு நீங்கதான் சொல்லணும்னு மந்திரி ரொம்ப ஆசைப்படறார். உங்க வழக்கப்படியே செய்யலாம். முழு மரியாதையோட."

"எங்க வழக்கப்படியேவா? முழுசாவா?"

"முழுசா."

"சரி. வரேன்."

செய்தி பூங்காவுக்கு வந்ததும் ஆல்பி அண்ணன் கொதித்துப்போனார். வெர்னாவின் பெரியப்பா மகன். நெருப்புக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு அன்று முதல் நகராதவர்.

"தம்பியைச் சாகடிச்சவங்களுக்கு ஆரத்தி எடுக்கப் போறியா? தேங்காய்! தேங்காய்டீ நீ!"

மேலே பழுப்பு, உள்ளே வெள்ளை. எங்களுக்குள் இதைவிடக் கேவலமான வசவு கிடையாது. சுற்றி இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெர்னாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"நான் மாட்டேன்னா பக்கத்து ஊர்லேர்ந்து யாரையாவது காரில் ஏத்திக்கிட்டு வருவான்ணே. நாலு வார்த்தை சொல்லிட்டு அவன் சேண்ட்விச் தின்னுட்டுப் போவான். வரவேற்பு நம்மளுது. அதைக் கையில வெச்சிக்கிட்டு நான் எதுக்கு வீட்ல உட்காரணும்?"

"போய் என்ன கிழிக்கப் போறே?"

"வந்து பாரு."

விழா அன்று காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. ஸ்டேஷன் வாசலில் மேடை, சிவப்பு ரிப்பன், எல்லா டிவிக்காரர்களும். தெருவின் எதிர்ப்பக்கம் முழுக்க ஜனங்கள், கொடிகளோடு, வாயைத் திறக்காமல். வெர்னா யூகலிப்டஸ் இலைக்கட்டு ஒன்றோடு மேடை ஏறப் போகும்போது, எங்கள் ஜனத்தில் ஒருவனான மேர்வினின் மனைவி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அத்தை, விடிகாலையில மேர்வினைத் தூக்கிட்டாங்க. குடிச்சிட்டு பேக்கரி வாசல்ல படுத்திருந்தானாம். இப்ப உள்ளதான் இருக்கான்."

வெர்னா ஸ்டேஷன் கதவைப் பார்த்தாள். மந்திரி ரிப்பன் வெட்டப்போகும் அறைக்குப் பின்னால், இரண்டு சுவர் தள்ளி, அதே லாக்கப்பில் இன்னொருவன். அதுவரை கொஞ்சம் பயம் இருந்தது. அந்த நிமிஷத்தில் அது போய்விட்டது.

டங்கன் ஒயர் இல்லாத மைக்கை அவள் கையில் கொடுத்தான். மந்திரி கிரெய்டன் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு, துக்கமும் புன்னகையும் சம அளவு கலந்த ஒரு முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு வழக்கப்படி முழுசாச் செய்யலாம்னு மந்திரி ஆபீஸ்லேர்ந்தே சொல்லியிருக்காங்க," என்று வெர்னா ஆரம்பித்தாள். "ரொம்ப சந்தோஷம். இத்தனை வருஷமா எல்லாருக்கும் அவசரம், அதனால நான் கடைசிப் பகுதியை மட்டும்தான் செஞ்சிட்டிருந்தேன். முதல் பகுதி ஒண்ணு இருக்கு. வெளியூர்க்காரன் எங்க மண்ணுக்கு வந்தா நேரா நெருப்புக்கு வரமாட்டான். தூரத்துல தரையில உட்காருவான். நாங்க போய்க் கேக்கற வரைக்கும் உட்கார்ந்திருப்பான். எதுக்கு வந்தான்னு சொல்லுவான். சொன்னது சரியா இருந்தா உள்ள கூப்பிடுவோம். மந்திரி, எழுந்து வாங்க. அந்த நடைபாதை ஓரம் உட்காருங்க."

மந்திரி டங்கனைப் பார்த்தார். டங்கன் பெரிதாகத் தலையாட்டினான். கலாசாரம்! கேமராக்காரர்கள் ஓடினார்கள். மந்திரி பேண்ட்டை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பணிவாக, தார் உருகும் தெரு ஓரத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். படம் நன்றாக விழும் என்று அவருக்கும் தெரியும்.

வெர்னா தெருவைக் கடந்து பூங்காவுக்குப் போனாள். நெருப்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "டீ இருக்கா?" என்றாள்.

டீ வந்தது. நிதானமாக ஊதி ஊதிக் குடித்தாள். ஆல்பி அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அப்புறம் பிஸ்கட் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

அந்தப் பக்கம் மந்திரியின் கழுத்து சிவந்தது. ஈ மொய்த்தது. அதிகாரி ஒருத்தர் குடை கொண்டு வர, டங்கன் பதறிப்போய்த் தடுத்தான். "சடங்கு நடக்குது, குறுக்கே போகாதீங்க!" எழுந்திருக்கவும் வழியில்லை. வரவேற்பைப் பாதியில் உதறிவிட்டுப் போன மந்திரி என்று நாடே பார்க்கும். வசமாக மாட்டிக்கொண்டார்.

கடைசியில் வெர்னா எழுந்து போனாள். அவருக்கு எதிரே நின்றாள். மைக் அவள் கையில்தான்.

"எதுக்கு வந்தே?"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்தவனை எங்கள் வழக்கப்படி அப்படித்தான் கேட்க வேண்டும்.

மந்திரி தொண்டையைச் செருமினார். "உங்கள் வலியைச் செவிமடுக்கவும், காயங்களை ஆற்றும் இந்தப் பயணத்தில் கைகோர்த்து…"

வெர்னா திரும்பி நடந்தாள். மறுபடி நெருப்பு. மறுபடி டீ. கூட்டத்தில் முதல் சிரிப்பு கிளம்பியது. இரண்டு மாதமாகச் சிரிக்காத கூட்டம்.

இரண்டாவது தடவை போனாள். "எதுக்கு வந்தே?"

"ஒரு புதிய கால்பந்து மைதானத்துக்கு அரசாங்கம் நிதி…"

"எனக்கு இன்னொரு கப் போடுங்கப்பா!" என்று வெர்னா மைக்கிலேயே சொல்லிக்கொண்டு திரும்பினாள். கூட்டம் வெடித்துச் சிரித்தது. டிவிக்காரப் பெண் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கினாள். டங்கனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

மூன்றாவது தடவை அவள் மந்திரிக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கிரெய்டன் வியர்வையில் நனைந்திருந்தார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார். "என்னம்மா வேணும் உங்களுக்கு? என்ன சொல்லணும், சொல்லுங்க, சொல்லிடறேன்."

அவள் அவர் கையை எடுத்துவிட்டாள். மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

"நான் சொல்லித்தர மாட்டேன். வந்தவன்தான் சொல்லணும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. என் தம்பி செத்த அதே ரூம்ல இப்ப, இந்த நிமிஷம், மேர்வின்னு ஒருத்தன் கிடக்கான். பேக்கரி வாசல்ல தூங்கினதுக்கு. நீ ரிப்பன் வெட்டி, காபி குடிச்சிட்டு இருக்கும்போது அவனுக்கு மூச்சு இருக்கா இல்லையான்னு யார் பார்க்கப் போறா? உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அன்னிக்கும் தெரியலை. அந்தக் கதவு பக்கத்துல காலையிலேர்ந்து நின்னேன், தம்பியை எப்ப விடுவீங்கன்னு கேட்டுக்கிட்டு. அவன் அப்பவே செத்துப் போயிருந்தான்."

அவள் குரல் உடைந்தது. மந்திரி முதல் தடவையாக ஸ்டேஷன் கதவைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் மனசாட்சிதான் குத்தியதா, அடுத்த தேர்தல் கண்ணில் தெரிந்ததா, எனக்குத் தெரியாது. இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். பரவாயில்லை.

"சூப்பரின்டென்டன்ட்!" என்று கூப்பிட்டார். மாவட்ட போலீஸ் அதிகாரி ப்ரைஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "குடிச்சிருக்காங்கறதுக்காக மட்டும் யாரையும் உள்ள போடக் கூடாதுன்னா… அதை இன்னிக்கே செய்ய முடியுமா?"

"உத்தரவு போட்டா இப்பவே முடியும் சார்."

"முடியாதுன்னுதானே இத்தனை நாள் ஃபைல் வந்தது?"

"எங்களை யாரும் கேக்கலையே சார்."

மைக்கில் அதுவும் கேட்க, கூட்டம் ஓவென்று கத்தியது. வெர்னா கையைத் தூக்கினாள், அடங்கியது. மறுபடி கேட்டாள், மெதுவாக.

"எதுக்கு வந்தே?"

கிரெய்டன் எழுதிக் கொண்டுவந்த பேச்சை மடித்துப் பைக்குள் வைத்தார். "இன்னிக்கு முதல் இந்த மாநிலத்துல குடிச்சிருக்காங்கறதுக்காக ஒருத்தரையும் லாக்கப்பில் போடக் கூடாதுன்னு உத்தரவு போட வந்தேன். அடுத்த கூட்டத்தொடர்ல அந்தச் சட்டத்தையே எடுத்துடறேன்."

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலை."

அவர் எழுந்து நின்று, கத்திச் சொன்னார். எல்லா டிவியிலும் போயிற்று. இனி அதைப் பூசி மெழுக எந்த ஆபீசாலும் முடியாது.

வெர்னா நெருப்புக்குப் போய் இலைக்கட்டை அதில் காட்டினாள். புகை எழுந்தது. எங்கள் பாஷையில் வரவேற்புச் சொன்னாள், நாலு வார்த்தை இல்லை, முழுசாக, அவள் அம்மா சொன்ன மாதிரி. ஆல்பி அண்ணன் நடுத்தெருவுக்கு வந்து, ஊரே கேட்க, "என் தங்கச்சி! பார்த்துக்கோங்க, என் தங்கச்சி!" என்று கத்தினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. தேங்காய் என்று சொன்ன வாய்தான் அது.

ரிப்பன் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, யாரும் அதைக் கவனிக்கவில்லை. ப்ரைஸ் சாவியோடு உள்ளே போனார். வெர்னா கதவுக்கு எதிரே போய் நின்றாள். அன்று நின்ற அதே இடம். உள்ளே பூட்டு திறக்கும் சத்தம், யாரோ ஏதோ முனகும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. மேர்வினின் மனைவி வெர்னாவின் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

மேர்வின் வந்தான். பெல்ட்டை வாங்கி வைத்துக்கொண்டதால் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடி, வெறுங்காலோடு, தலைமுடி நட்டுக்கொண்டு, சொந்தக் காலில் நடந்து வந்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். தெரு நிறைய ஜனங்கள், டிவி, மந்திரி. எல்லாரும் கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், அழுதார்கள்.

"அத்தை," என்றான் பயந்துபோய், "நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணுமே செய்யலைடா," என்றாள் வெர்னா. அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், சூடாக, உயிரோடு, பீர் நாற்றத்தோடு. "நீ ஒண்ணுமே செய்யலை. வா, வீட்டுக்குப் போகலாம்."