பிரித்தெடுத்த நட்சத்திரங்கள்

கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்த தையற்காரர் கௌஸ் முகைதீன், பழைய இராணுவச் சட்டையை உதறி விரித்தார். இரு தோள்களிலும் பொன்னிழை நட்சத்திரங்கள் மும்மூன்று.

“இப்பதான் கேப்டன் சாருக்கு எடுப்பா இருக்கு. தோள் ரெண்டும் எலி கடிச்ச மாதிரில்ல கிடந்துச்சு!”

தேவசுந்தரத்துக்கு மனம் நிறைந்தது. அத்தான் ஸ்தெலியோஸ் விடியற்காலையில் இறந்திருந்தார். அந்தச் சட்டையோடு புதைக்க வேண்டும் என்பதே அவர் கடைசியாகக் கேட்டது. வளைகுடாப் பாலைவனத்து அல் ஐனின் சாலைப்பணி முகாமில், நரிக்கதையும் காக்கைக்கதையும் சொல்லித் தொழிலாளரைச் சிரிக்க வைத்த கிரேக்கர் அவர். தம் கதையை மட்டும் சொன்னதில்லை.

பாதிரியாரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அக்கா அன்னபாக்கியம், சட்டையைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“லே தேவா, யாரக் கேட்டுல தைக்கச் சொன்ன?”

“கிழிஞ்ச சட்டையோடயாக்கா அனுப்புறது? அவரு நாட்டுக்காரனுவ நாலு பேரு வெளிய நிக்கானுவ.”

“அது தானா கிழியலல. கிழிச்சது.”

தாழ்ந்த குரலில் சொன்னாள். உலகப்போரில் அல்பேனியப் பனிமலையில் இத்தாலியரை எதிர்த்து நின்றவர். எகிப்தின் அலமைன் மணலில் கேப்டன் ஆனவர். பின்பு அவர் நாட்டுக்குள்ளேயே போர் மூண்டது. நாற்பத்தெட்டில், கை கட்டப்பட்ட கைதிகள் பதினொருவரைச் சுடச் சொன்னது அவருடைய சர்க்கார் படை. அவர் மறுத்தார். படை முழுதும் பார்த்திருக்க, தோளிலிருந்த பதவிச் சின்னங்களைப் பிய்த்தெடுத்தார்கள்.

“இருபத்தெட்டு வருசமா அதுல ஒரு ஊசி குத்த விடல அவரு.”

“வெளிய நிக்கிற எஞ்சினியர் பானயோட்டிஸ் அந்தச் சண்டையில சர்க்கார் பக்கம் நின்னவராம்க்கா. தெரிஞ்சா பெட்டியத் தொடுவாரா?”

“தொடலன்னா நாம தூக்குவோம்.”

வெளியே லாரி ஒலி எழுப்பியது. ஓட்டுநர் அவசரப்படுத்தினார். “யல்லா, யல்லா! வெயில் ஏறுது!”

அவள் கத்தரியை எடுத்தாள். கௌஸ் முகைதீன் அதை மெல்ல வாங்கிக்கொண்டார்.

“குடுங்க சிஸ்டர். தைச்சவன் பிரிச்சாத்தான் துணி நோகாது.”

திறந்த சவப்பெட்டியின் மீது பானயோட்டிஸ் குனிந்தார். முகத்தைப் பார்த்தவரின் கண்கள் சட்டையின் பிய்ந்த தோள்களில் நின்றன. பின்னால் ஒருவர் கிரேக்கத்தில் ஏதோ முணுமுணுத்தார். மூவர் தொப்பியை அணிந்துகொண்டு காருக்கு நடந்தார்கள். பானயோட்டிஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

மூடியை அவரே மூடினார்.

பின்பக்கம் தேவசுந்தரமும் லாரி ஓட்டுநரும். முன்பக்கம் பானயோட்டிஸும், அவர் மார்புயரமே இருந்த கௌஸ் முகைதீனும். தூக்கியதும் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. பானயோட்டிஸ் முழங்கால்களை மடக்கித் தம் தோளைத் தாழ்த்தினார். அப்படியே, லாரி வரை நடந்தார்.