வால்வில் கட்டிய கம்பி

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு அழுவதற்குக்கூட மைக் வேண்டியிருக்கிறது. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் யாராவது ஒருவர் முன்னால் போய் நிற்பார். குடித்தேன் என்பார், சூதாடினேன் என்பார், கர்த்தர் என்னைத் தூக்கியெடுத்தார் என்பார். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை வீட்டிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். எல்லோரும் கை தட்டுவார்கள். அவன் குடித்த காலத்தில் அடி வாங்கிய பெண்டாட்டி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவள் பக்கம் யாரும் மைக்கை நீட்டி நான் பார்த்ததில்லை.

என்னை முசுடு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

போன தவக்காலத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை முன்னால் போய் நின்றது என் மச்சான். என் மனைவியின் தம்பி. அடுத்த மாதம் அவனைச் சபை மூப்பராக்குவதாக இருந்தார்கள், அதற்கு முன்னால் ஒரு சாட்சி சொல்ல வேண்டும். சொன்னான். இளவயதில் கெட்ட சிநேகிதம், பொய், கோபம், எல்லாம் வரிசையாக வந்தது. கடைசியில் அழுதுகொண்டே குரலைத் தாழ்த்தினான். "வேலை செஞ்ச இடத்துல நான் செஞ்ச ஒரு தப்பால ஒரு சகோதரிக்குக் கை வெந்துபோச்சு. அந்தத் தப்பையும் கர்த்தர் கழுவிட்டார்." சபை முழுக்க அல்லேலூயா. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் காது சூடாயிற்று.

அந்தத் தப்பு என்னவென்று எனக்குத் தெரியும்.

நானும் மச்சானும் நெட்டையன் என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவனும் ஒரே லாண்டரியில் வேலை பார்த்தவர்கள். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும் இடம். துவைத்த விரிப்பைச் சூடான ரோலருக்குள் ஈரமாக விடுவது என் வேலை. அந்தப் பக்கம் காய்ந்து வருவதைப் பெண்கள் பிடித்து மடிப்பார்கள். ரோலருக்குச் சூடு தருவது பாய்லரிலிருந்து வரும் ஸ்டீம். பாய்லரைப் பார்த்துக்கொண்டவன் நெட்டையன். ஆறடிக்கு மேல் இருப்பான். பாய்லர் ஆய்வு அலுவலகம் கொடுத்த ஆபரேட்டர் சான்றிதழ் வைத்திருந்தான், அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு பாய்லர் அறைச் சுவரில் மாட்டியிருந்தான். என் மச்சான் எங்களுக்கெல்லாம் சூப்பர்வைசர்.

ஸ்டீம் அளவு மீறினால் தானாகத் திறந்து வெளியே விட்டுவிடுகிற சேஃப்டி வால்வு ஒன்று பாய்லர் தலையில் உண்டு. அது பழசாகி, அளவு மீறுவதற்கு முன்பே திறந்துகொண்டிருந்தது. ரோலர் ஆறிப்போகும், விரிப்பு ஈரமாகவே வெளியே வரும். மாற்றித் தாருங்கள் என்று நெட்டையன் நாலு தடவை கேட்டிருந்தான். விபத்து நடந்த அன்று சாயங்காலத்துக்குள் எண்ணூறு விரிப்பு போயாக வேண்டும். நீ போய்ச் சாப்பிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நெட்டையனை அனுப்பிவிட்டு, மச்சான் ஏணியில் ஏறி அந்த வால்வின் கைப்பிடியைக் கம்பியால் இறுக்கிக் கட்டினான். குறடும் கையுமாக அவன் இறங்கியதை நான் ரோலர் பக்கத்திலிருந்து பார்த்தேன். இருபது நிமிஷம் ரோலர் நெருப்பாக ஓடியது. அப்புறம் குழாயின் இணைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டது. எதிரே நின்று மடித்துக்கொண்டிருந்த பெண்ணின் இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயின. நெட்டையன் சோற்றுக்கையோடு ஓடி வந்து ரோலருக்குப் போகும் ஸ்டீமை அடைத்தான்.

விசாரணைக்கு வந்தவர்கள் கம்பியைப் பார்த்தார்கள். பாய்லர் யார் பொறுப்பு, நெட்டையன் பொறுப்பு. அவன் அடிக்கடி கட்டுவான், நான் எத்தனையோ முறை கண்டித்தேன் என்றான் மச்சான். ரோலரில் நின்றவர்களைக் கேட்டார்கள். நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டேன் என்றால், விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் என் மனைவி என் காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் தம்பிக்கு அப்போது கைக்குழந்தை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நெட்டையனை எனக்குப் பிடிக்காது. சான்றிதழைக் காட்டிக் காட்டிப் பேசுவான். அவனுடைய சான்றிதழை ரத்து செய்தார்கள். அதற்குப் பிறகு எந்த பாய்லர் அறைக்குப் போனாலும் அந்த ரத்து முத்திரையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். ஏழு வருஷமாக ஒரு கார் நிறுத்தும் இடத்தின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறான். இரண்டு முறை மனுப் போட்டானாம். நேரில் பார்த்தவர் யாராவது புதிதாக வந்து சொன்னால் எடுத்துப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஆராதனை முடிந்ததும் மச்சானைத் தனியாகப் பிடித்தேன். ஆளாளுக்கு அவன் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மைக்ல சொன்னதை அப்படியே ஒரு காகிதத்துல எழுதி ஆய்வு அலுவலகத்துல குடு. நெட்டையனுக்குச் சான்றிதழ் திரும்பக் கிடைக்கும்."

"அத்தான், கர்த்தரே மறந்துட்டார். நீங்க ஏன் கிளறுறீங்க?"

"கர்த்தருக்குச் சான்றிதழ் தேவையில்லை. அவனுக்குத் தேவை."

அவன் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தான். "நீங்களும்தானே பார்த்தீங்க? இத்தனை வருஷம் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? நான் சபைக்கு முன்னால சொல்லிட்டேன். நீங்க அதையும் சொல்லலை."

அவனை மனதுக்குள் காறித் துப்பியே இத்தனை காலத்தை ஓட்டிவிட்டேன், அந்தக் காகிதத்தில் என் கையெழுத்து இருப்பது மட்டும் எனக்கு உறைத்ததே இல்லை. கோவிலுக்குப் போகிற வழியில் ஒருத்தனுக்கு உன்மேல் குறை உண்டென்று ஞாபகம் வந்தால், முதலில் அவனிடம் போ என்றுதான் சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் நெட்டையன் உட்கார்ந்திருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு கோவிலுக்குப் போய்வந்தேன்.

வீட்டில் சொன்னேன், நான் போய் எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்று. மனைவி கத்தவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவுமில்லை.

"நல்லவரா ஆகணும்னா அன்னைக்கே ஆகியிருக்கணும். நான் கால்ல விழுந்தப்போ எட்டி உதைச்சுட்டுப் போயிருக்கணும். என் தம்பிக்கு நல்ல பேர் வர்ற நேரம் பார்த்து உங்களுக்கு யோக்கியம் வந்துடுச்சாக்கும்."

அவள் சொன்னது பொய் என்று என்னால் சொல்ல முடியாது. மறுநாள் போனேன்.

ஆய்வு அலுவலகத்தில் அதிகாரி ஒரு அம்மாள். பழைய கோப்பைத் தேடி எடுக்கவே அரை நாள் ஆயிற்று. என் பழைய வாக்குமூலத்தை என் முன்னாலேயே படித்தார்.

"அன்னைக்குப் பார்க்கலைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இன்னைக்குப் பார்த்தேன்னு சொல்றீங்க. இதுல எதை நான் நம்பறது?"

"நம்ப வேண்டாம்மா. எழுதிக்கங்க."

பொய் வாக்குமூலத்துக்கு என்மேலும் நடவடிக்கை வரலாம் என்றார். வரட்டும் என்றேன். எழுதிக்கொண்டு, வாசித்துக்காட்டி, கையெழுத்து வாங்கினார்.

மூன்று வாரம் கழித்து மச்சானையும் என்னையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தான். அதிகாரி கேட்டதற்கு, கம்பி கட்டியது நானில்லை என்றான். சபையில் சொன்னீர்களாமே என்றதற்கு, அது பொதுவாகப் பாவி என்று சொன்னது, மேற்பார்வையில் தவறியதைச் சொன்னேன் என்றான். அப்புறம் என்னைப் பார்க்காமலே, மரியாதையாகவே சொன்னான். "மேடம், அத்தானுக்கு வயசாயிடுச்சு. ஞாபகம் தடுமாறுது. வீட்ல அக்காவும் கவலைப்படறாங்க."

அழுதுகொண்டு மைக்கில் சொன்ன வாய் அது. அதே வாய்தான்.

சபையில் கேட்டவர்கள் நூற்றைம்பது பேர். போதகரைக் கேளுங்கள் என்றேன். அவர்கள் கேட்டிருக்கிறார்கள். கர்த்தர் சந்நிதியில் சொன்னதை அலுவலகத்தில் சொல்வது முறையல்ல என்று போதகர் கடிதம் எழுதிவிட்டார். மற்ற நூற்றுநாற்பத்தொன்பது பேரிடமும் நான் போய்க் கதவைத் தட்டினேன். சிலர் கதவையே திறக்கவில்லை. திறந்தவர்களுக்கும் அன்றைக்குச் சொன்னது சரியாகக் காதில் விழவில்லையாம். அல்லேலூயா மட்டும் எப்படிச் சரியான இடத்தில் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

கடைசியில் தீர்ப்பு ஒரு கடிதமாக வந்தது. அதன் நகலை எடுத்துக்கொண்டு நெட்டையனைப் பார்க்கப் போனேன். அவன் கைக்கும் ஏற்கெனவே ஒன்று வந்திருந்தது. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று இருந்ததை அடித்துவிட்டார்கள். கம்பியைக் கட்டியது யார் என்று நிரூபிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். ரத்து நீக்கப்பட்டது, ஆனால் வருஷங்கள் கடந்துவிட்டதால் மறுபடியும் பரீட்சை எழுத வேண்டும். நெட்டையனுக்கு ஐம்பத்துநாலு வயது. பக்கத்தில் ஒரு பழைய பாடப் புத்தகம் கிடந்தது, கார் சீட்டு ஒன்றை அடையாளத்துக்கு வைத்திருந்தான்.

"பாதிதான் கிடைச்சிருக்கு" என்றேன்.

"நீங்க ஏழு வருஷம் முன்னால சொல்லியிருந்தா முழுசா கிடைச்சிருக்கும்." எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே என் முகத்துக்கு நேராகப் பார்த்தான். அவ்வளவு உயரம். "அண்ணே, ஒண்ணு கேக்கறேன். எனக்காகவா போய்ச் சொன்னீங்க?"

கையிலிருந்த கடிதத்தை மடித்தேன்.

"உனக்காக இல்லை. அவன் மைக்ல அழுதான் பாரு, அது பொறுக்கலை. அந்த வெறுப்புல போனேன்."

"அப்போ நான் நன்றி சொல்ல வேண்டியதில்லை."

"வேண்டாம்."

"மன்னிக்கவும் வேண்டியதில்லை."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. "வழியை மறைக்காதீங்க, அந்தப் பக்கம் போங்க" என்றான். போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. ஆரம்பிப்பதற்கு முன்னால் போதகர் என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். என் மகன் வயது அவருக்கு. மச்சான் அங்கே கைகட்டி உட்கார்ந்திருந்தான், அவன் அக்கா பக்கத்தில் நின்றாள். மூப்பர் பதவியை ஒரு வருஷம் தள்ளி வைத்திருப்பதாகச் சொன்னார் போதகர். அவனும் தாழ்மையோடு ஏற்றுக்கொண்டானாம். இப்போது என் முறையாம். நான் செய்தது சரியான காரியமே என்றாலும், வெறுப்பில் செய்ததைக் கர்த்தர் ஏற்றுக்கொள்ளமாட்டார், அன்பில்லாமல் செய்தது வெறும் சத்தம் என்று விளக்கினார். இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டு உள்ளே வந்து அப்பத்தை எடுங்கள் என்றார்.

"கை குடுக்கறேன் பாஸ்டர். அவன் முதல்ல அந்தக் கார் வாசல் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வரட்டும்."

மச்சான் தரையைப் பார்த்தான். போதகரின் முகம் சிவந்துவிட்டது. "நிபந்தனை போட நீங்க யாருங்க ஐயா? நீங்களும் பொய்க் கையெழுத்துப் போட்டவர்தானே? உங்களுக்கு மன்னிப்பு வேண்டாமா?"

"வேணும். நெட்டையன்கிட்டதான் போய் நின்னேன். தரலை. அவன் தராததை நீங்க எப்படி எடுத்துத் தருவீங்க?"

வெறுப்பை வைத்துக்கொண்டு பரலோகத்துக்குப் போக முடியாது என்றார். இருக்கலாம். அவர் படித்தவர். என் நெஞ்சுக்குள் அது இன்னும் கிடக்கிறது என்பதும் உண்மை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் என் அன்பு வந்து சேரட்டும் என்று நான் காத்திருந்தால், நெட்டையன் அந்த நாற்காலியிலேயே கிழவனாகியிருப்பான். இதை அவரிடம் சொன்னேன். அதுதான் பெருமை என்கிற பாவம் என்றார்.

என் மனைவியைப் பார்த்தேன், வருகிறாயா என்று. அவள் தம்பியின் தோளில் கை வைத்தபடி நின்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். உள்ளே பாட்டு ஆரம்பித்தது, மச்சானின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது, நல்ல குரல்தான் அவனுக்கு. வெயிலில் கேட் வரை நடந்தேன், கேட்டைத் தாண்டியும் நடந்தேன். போதகர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்கு ஏறவில்லை.