சித்தப்பா வீட்டுக் கொடி

"காரை நிறுத்து!"

ரண்டி கத்திய கத்தலில் அவள் கணவன் பிரேக்கை மிதித்தான்.

தெரு நெடுக வீட்டுக்கு வீடு நாட்டின் கொடி, சிவப்பு, நடுவில் வெள்ளைச் சிலுவை. எல்லாம் அரைக்கம்பத்தில். இந்த மீன்பிடி ஊர் பெற்ற ஒரே மந்திரி, அவளுடைய அப்பா வெர்னர், இன்று அடக்கமாகிறார். கடைசி வீட்டில் மட்டும் கொடி கம்பத்தின் உச்சியில், பிறந்த நாள் கொண்டாடுவதுபோல் படபடத்தது.

சித்தப்பா தோர்வல்டின் வீடு.

அப்பா பள்ளி வாத்தியார். அங்கிருந்து நகரசபை, பாராளுமன்றம், பிறகு மூன்று இலாகாக்கள். மீன்வளத்துறை கைக்கு வந்தபோது, கடலில் மீன் அருகிவிட்டது, படகுகளைக் குறைக்க வேண்டும் என்றார். சொந்தக்காரனைக் காப்பாற்றினார் என்ற பேச்சு வரக்கூடாதல்லவா? முதலில் உடைபட்டது தம்பியின் படகு. பத்திரிகைகள் பாராட்டின. அண்ணன் தம்பி பேச்சு அன்றோடு முடிந்தது.

சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். தலைநகரிலிருந்து ஆட்களை அனுப்புவதாகக் கட்சி அலுவலகம் சொன்னது. "நாங்களே தூக்கிக்கிறோம்" என்று ரண்டி போனை வைத்துவிட்டாள். அவளையும் சேர்த்து ஐந்து பேர் தேறினார்கள். தலைமாட்டில் அவளுக்கு எதிர்ப்பக்க இடத்தை மட்டும் யாருக்கும் அவள் கொடுக்கவில்லை.

தோர்வல்ட் வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தார்.

"கொடியை இறக்குங்க சித்தப்பா. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். ஊர் என்ன சொல்லும்னு பயந்து செத்தது உங்கப்பன். நான் இல்ல."

"இன்னைக்கு அடக்கம்."

"எனக்கு அது எப்பவோ முடிஞ்சுபோச்சு. படகை உடைச்ச அன்னைக்கே அரைக்கம்பத்துல ஏத்தினேன். 'யாருடா தவறிட்டாங்க?'ன்னு மந்திரி போன் பண்ணான். 'நீதான்'னேன்." கத்தியைக் கால்சட்டையில் துடைத்தார். "அடக்கம் முடிஞ்சா கொடியை உச்சிக்கு ஏத்தணும். அதானே முறை? ஏத்திட்டேன். ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை அரைக்கம்பம் கிடையாது."

"அப்பா மாதிரியே சட்டம் பேசுறீங்க."

"வாயை மூடு, கழுதை."

"தலைமாட்டுல ஒரு ஆள் குறையுது" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் காருக்குத் திரும்பினாள்.

தேவாலயத்தில் கடைசிப் பாட்டும் முடிந்தது. ஐந்து பேர் பெட்டியருகே நின்றார்கள். ரண்டி கதவையே பார்த்தாள். பொறுத்துப் பார்த்த கோயில் பணியாளர், ஆறாவது ஆளாக முன்னால் வந்தார்.

பின்னாலிருந்து ஒரு முழங்கை அவரை ஒதுக்கியது. ரப்பர் பூட்ஸ், மீன் வாடை. தோர்வல்ட் யாரையும் பார்க்காமல் கைப்பிடியைப் பற்றினார்.

"உன் பக்கம் சாயுது. ஒழுங்கா தூக்கு" என்றார்.

குழிக்கு மேல் பெட்டியின் அடியில் மூன்று கயிறுகள். ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மெல்ல இறக்கினார்கள். கால்மாடு தரையைத் தொட்டது. மற்ற நால்வரும் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள்.

தலைமாடு தரையைத் தொடவில்லை. ஒரு சாண் உயரத்தில் நின்றது.

"விடலாம்" என்றார் பாதிரியார், தணிந்த குரலில்.

எதிரே தோர்வல்ட் கயிற்றை முஷ்டியில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார். ரண்டி தன் முனையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.