சாலைக்கு இந்தப் பக்கம்

31 ஜூலை 2024, புதன்

திங்களன்று அம்மாவிடம் தவறாகச் சொல்லிவிட்டேன். அப்பாவைப் புதைத்த இடம் சாலைக்கு அந்தப் பக்கம்தான், ஹரிதாஸ் சொன்னது சரி என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தார்.

செலண்டாரில் எங்கள் பழைய தோட்டத்தை வாங்கியவர் ஹரிதாஸ். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார், இடுகாட்டை மண் தள்ளி மேடாக்கினார், அங்கே கல்யாண மண்டபம் கட்டினார் என்பது அம்மாவின் வாதம். "இடுகாடு எதிர்ப்பக்கம் செம்பனைக்குள்ள இருந்துச்சு, அக்காவுக்கு ஞாபகம் தடுமாறுது" என்று கோயில் கூட்டத்தில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தவர் அவர். மற்றக் குடும்பங்கள் சிதறிப் போய்விட்டன. அம்மா தனியாள். மண்டபத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால், ஆடி அமாவாசைதோறும் எதிரே அந்த எண்ணெய்ச் செம்பனை மரங்களுக்கு நடுவே சூடம் கொளுத்திவிட்டு வருகிறார்.

டுரியான் துங்காலில் நான் படிக்கும் வரைபட மாலை வகுப்பில், 1962-இல் வரைந்த தோட்ட வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தச் சொன்னார்கள். இரண்டிலும் இடம் மாறாத ஒரு புள்ளி வேண்டும். மாரியம்மன் கோயிலை எடுத்தேன். நுழைவு வளைவில் 1931 என்று இருக்கிறது. அதைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை. இடுகாடு செம்பனைக்குள் போய் விழுந்தது.

வகுப்பில் என்னோடு சேர்ந்து வேலை செய்யும் ஃபாத்திஹா இன்று கணினித் திரையைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அத்தாவுக்குத் தெங்கேராவில் துணிக்கடை.

"திலீப், உங்க பழைய மேப்புல இருக்கற பாலம் ஆத்துல இல்ல லா. காட்டுக்குள்ள நிக்குது. யானை தூக்கிட்டுப் போச்சா?"

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கோயிலைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தக் கோயில் எப்படா அங்க இருந்துச்சு? மண்டபத்துப் பக்கம்தான் இருந்துச்சு. பெரிய ரோடு போடறப்ப எதிர்ல கொண்டுபோயி கட்டினாங்க. நீ அப்ப கைப்புள்ள. வளைவுல பழைய வருஷத்தையே எழுதிட்டாங்க."

"திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க கேட்ட? மேப் சொல்லுதுன்ன."

1 ஆகஸ்ட், வியாழன்

கோயிலை விட்டுவிட்டு ஆற்றுப் பாலத்தையும் தோட்டத்து ஆலைப் புகைக்கூண்டின் அடித்தளத்தையும் வைத்துப் பொருத்தினேன். இடுகாடு மண்டபத்தின் சமையல்கட்டிலும் கார் நிறுத்துமிடத்திலும் விழுந்தது. போன தை மாதம் அங்கே ஒரு கல்யாணத்தில் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

எனக்கு இது வேண்டும் என்பதற்காகவே வரைபடத்தைத் திருப்பினேனோ என்று பயம் வந்தது. எதைத் தேடுகிறேன் என்று சொல்லாமல் ஃபாத்திஹாவைத் தனியாகப் பொருத்தச் சொன்னேன். அவள் பொருத்தியதிலும் இடுகாட்டு எல்லைக்கோடு அதே சமையல்கட்டுச் சுவரில் போய் நின்றது. அதன்பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை நம்ம வகுப்புக் கண்காட்சியே ஹரிதாஸ் மண்டபத்துலதானே?" என்றாள். "திறந்து வைக்கறதும் அவருதானே?"

"ஆமா."

"முன்னாடியே சொல்லிட்டா வரமாட்டாரு லா."

"அதனாலதான் சொல்லல."

3 ஆகஸ்ட், சனி

வரைபடத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து மண்டபத்தில் மாட்டி, மஞ்சள் துணியால் மூடினோம். ஆசிரியர் பார்த்துவிட்டார். அளவு சரி, அப்படியே இருக்கட்டும் என்றார்.

ஹரிதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து என் தோளைத் தட்டினார்.

"என்னப்பா, மருதமுத்து மகனே, மேப் படிச்சு எந்த ஆபீஸ்ல வேலை தருவாங்க? உங்கம்மா இன்னும் செம்பனைக்குத்தான் சூடம் காட்டுறாங்களா? மரம் நல்லாக் காய்க்குதுப்பா!"

அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதுவரை அவரிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

"நாளைக்கு நீங்கதான் அங்கிள் துணிய இழுக்கணும். இழுத்துட்டு, கீழ சிவப்புல இருக்கறத சத்தமா வாசிக்கணும். எல்லாருக்கும் கேக்கணும்."

"மைக் எதுக்கு இருக்கு? வாசிச்சிடலாம்!"

சிவப்பில் இருப்பது: இந்த மண்டபத்தின் அடியில் தோட்டத்து இடுகாடு. பழைய வரைபடத்தில் புதைக்கப்பட்டவர்களின் பெயர்கள் இல்லை. அப்பாவின் பெயரை மட்டும் நான் சேர்த்தேன்.

அவர்மேல் இரக்கம் வருகிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். வரவில்லை. அந்தக் கோயில் கூட்டத்தில் அம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் நினைவுக்கு வந்தது.

நாளை ஆடி அமாவாசை. காலையில் சூடமும் தீப்பெட்டியும் வாங்க வேண்டும். அம்மாவைச் செம்பனைப் பக்கம் போகவிடாமல் நேராக மண்டபத்துக்கு அழைத்துவந்து, முன்வரிசையில் மைக்குக்கு எதிரே உட்கார வைக்க வேண்டும்.