பதினொரு நிமிடத் தண்ணீர்

அன்று காலை ஆழ்குழாய்க் கிணற்றடியில் இருந்தவர்கள் ஐந்து பேர். அப்பா மடக்கு நாற்காலியில், கொட்டகை நிழல் முடியும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல். மெக்கானிக்குக்கு உதவிக்கு வந்த அவருடைய மச்சான் இரும்புக் கோபுரத்தின் ஏணியில், ஆறாவது படியில், ஒரு காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. பக்கத்து நிலத்துக்காரர் காலித் தொட்டியின் விளிம்பில். வாய் ஓயாது என்பதால் அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் சொல்வார்கள். அவள் கிரீஸ் டின்னின் மேல், கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்படி வரிசையாக மனதில் குறித்துக்கொள்வது தம்பிக்காக. அவன் வேலை பார்க்கும் சுரங்க முகாமில் போன் எடுக்காது, வாரம் ஒரு முறை தபால் வண்டி மட்டும்தான். போன முதல் வருடமே எழுதிவிட்டான்: ‘யார் யார் இருந்தாங்க, எங்க உட்கார்ந்திருந்தாங்கன்னு முதல்ல எழுதுக்கா. மிச்சம் இருக்குற இடத்துல நான் உட்கார்ந்துக்குறேன்.’ அன்றிலிருந்து அவளுடைய கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு விஷயங்கள், ஒன்று, இரண்டு என்று எண் போட்டு. அடித்தல் திருத்தல் கிடையாது.

காற்றாலையும் அவன் அனுப்பியதுதான். முகாமுக்குப் பக்கத்தில் யாரோ கைவிட்டுப் போன மாட்டுப் பண்ணையில் துருப்பிடித்து நின்றதைக் கேட்டு வாங்கி, விடுமுறை நாட்களில் ஒவ்வொரு திருகாகக் கழற்றி, பதினெட்டு இறக்கைகளுக்கும் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதி லாரியில் ஏற்றிவிட்டான். இந்த நிலத்துக்குக் கரண்ட் கிடையாது. காற்று மட்டும் குறைவில்லாமல் அடிக்கும். காற்றே தண்ணீர் இறைத்துவிட்டால் தீவனம் போடலாம், நாலு மாடு வைக்கலாம், ஊருக்கே வந்துவிடலாம் என்பது அவன் கணக்கு. இந்த மாதம் முடிவதற்குள் அடுத்த மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். அக்காவின் கடிதத்துக்காகக் காத்திருந்தான்.

அவளும் காத்திருந்தாள். அப்பாவுக்குக் கண் மங்கியபோது இரண்டு மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவள், நாலு வருடமாகிவிட்டது. இந்த மண்ணை விட்டு அப்பா நகர மாட்டார். அவளுடைய வீட்டுக்காரர் டவுனில் மாடி வீட்டில் தானே பொங்கி, தானே தின்றுகொண்டிருந்தார். போன மாதம் வந்தபோது, “வீட்டுச் சாவி உன்கிட்ட ஒண்ணு இருக்குமே, இன்னும் வெச்சிருக்கியா?” என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவளும் சிரித்துக்கொண்டேதான் இருக்கிறது என்றாள். தம்பி வந்துவிட்டால் மறுநாளே பஸ் ஏறிவிடலாம்.

கோபுரம் நிறுத்துவதற்கே ஆறு நாள் பிடித்தது. இறக்கைகளைத் தம்பி பின்பக்கமாக நின்று எண்ணியிருந்தான், மெக்கானிக் முன்பக்கமாக நின்று மாட்டிவிட்டார். பதினெட்டையும் மறுபடி கழற்றி மாட்டுவதில் ஒரு முழுநாள் போனது. “சின்ன வயசுலயே அவன் சட்டையைத் திருப்பித்தான் போடுவான். பழக்கம் விடுமா?” என்றார் ரேடியோ. அதற்குச் சிரிக்கவும் யாருக்கும் தெம்பில்லை.

அன்று காலை பத்து இருபதுக்கு மெக்கானிக் பிரேக்கை விட்டார். வால் விரிந்தது, சக்கரம் மெதுவாகக் காற்றைப் பார்த்துத் திரும்பிச் சுற்றத் தொடங்கியது. கம்பி ஏறி இறங்கியது. குழாய் இருமியது, செந்நிறமாகத் துப்பியது, பிறகு தெளிந்த தண்ணீர் தொட்டியில் விழ ஆரம்பித்தது. ரேடியோ கால் நனைய எழுந்து நின்றார். “இனிமே என் மாடெல்லாம் உங்க வீட்டுக்குத்தான் வரும், சொல்லிட்டேன்” என்றார். அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அவர் குழாயடியில் உள்ளங்கையை நீட்டி, வழிய வழிய அப்படியே வைத்திருந்தார்.

பத்து முப்பத்தொன்றுக்குக் குழாய் ஏப்பம் விட்டது. பிறகு வெறும் காற்று. சக்கரம் என்னவோ சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

“சத்தம் ஏன் நின்னுடுச்சு?” என்றார் அப்பா.

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “காத்து நின்னுடுச்சுப்பா.”

அப்பாவின் தோளில் கிடந்த துண்டு படபடத்து அவர் கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை இழுத்துக் கைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார்.

அப்பாவை உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்தாள். மெக்கானிக் பம்பை மேலே எடுத்துத் தோல் வாஷரைப் பார்த்தார், நூலில் கல் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார், திரும்ப மாட்டினார். நாற்பத்தேழு நிமிடம் கழித்து ஓடவிட்டபோது ஒன்பது நிமிடம் வந்தது.

“மெஷின்ல ஒரு குறையும் இல்லம்மா” என்றார், கையைத் துணியில் துடைத்தபடி. “இத்தனை நாளும் கையால ரெண்டு குடம் அடிச்சீங்க, அதுக்கு ஊறிக் குடுத்துச்சு. இது இழுக்குற இழுப்புக்கு அடியில ஊத்து கிடையாது. இறைக்கிறதுதான் என் வேலை. ஊற வைக்கிறதுக்கு நான் எங்க போவேன்?”

“மாடு வளர்க்க?”

“குடிக்க, குளிக்கக் காணும். நாலு செடிக்கு ஊத்தலாம். தம்பி அங்க வேலையை விட்டுட்டு வர்றாப்லன்னா...” முடிக்காமல் சாமான்களைப் பைக்குள் அள்ளிப் போட்டார்.

மதியம் எல்லோரும் போன பிறகு சமையலறை மேசையில் எழுத உட்கார்ந்தாள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதில் கை தங்கு தடையில்லாமல் ஓடியது. கோபுரம், இறக்கை எண் குழப்பம், ரேடியோவின் கேலி, எல்லாம் ஒழுங்காக வந்தன. ஏழாவதாக, தண்ணீர் வந்தது என்று எழுதிவிட்டுப் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தாள். அங்கேயே நிறுத்திக் கையெழுத்துப் போட்டால் அதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் வருவான். வந்த பிறகு தெரிந்துகொள்வான், அக்காவை ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எட்டு என்று போட்டு நிமிடங்களை எழுதினாள், பதினொன்று, நாற்பத்தேழு, ஒன்பது. ஒன்பதாவது விஷயத்துக்கு எண்ணை மட்டும் போட்டுவிட்டு வெகுநேரம் இருந்தாள். தோள்பட்டை வலித்தது. பிறகு எழுதினாள்: ‘ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடு.’

கடிதத்தை மடித்து உறையில் போடும்போது அப்பா சுவரைத் தடவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“தண்ணி வந்துச்சுன்னு எழுதிட்டியா?”

“எழுதிட்டேம்ப்பா.”

தலையாட்டினார். விரலால் மேசையில் எதையோ தேய்த்தார்.

“எத்தனை நிமிஷம்னு?”

வெளியே தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது.

“அதையும் எழுதிட்டேன்.”

“குடு” என்று கையை நீட்டினார். உறையை வாங்கி, பசைப் புட்டியை இழுத்து, ஓரத்தை விரலால் தேடித் தேடித் தடவினார். மடிப்பின் மேல் கட்டைவிரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாக அழுத்திக்கொண்டே போனார். மறுபடி முதலிலிருந்து அழுத்தினார். மூன்றாவது முறை மணி அடித்த பிறகுதான் அவளிடம் கொடுத்தார். வாசலில் ஒரு காலை ஊன்றி நின்ற தபால்காரர் அதை வாங்கிப் பைக்குள் போட்டபோது பசை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.