செவ்வாய்க்கிழமையிலிருந்து பால் தராத பசு

“படத்துல என் பேரைப் போடுங்க.”

இதை மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே தட்டச்சுப் பெண்கள் தியோலிந்தாவிடம் சொல்லியிருந்தார்கள். லீவு கேள், மின்விசிறி கேள், பேரைக் கேட்காதே. மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இந்த வியாழக்கிழமை காலை, கதை இலாகாத் தலைவர் ப்ரிட்சர்டின் மேசை முன்னால் புதுப் படத்தின் தாள்களை வைத்துவிட்டுக் கேட்டே விட்டாள்.

ப்ரிட்சர்ட் வாயிலிருந்து சுருட்டை எடுக்கவில்லை. “எதுக்கு?”

“ராட்ரிகோ வெல்மார் பேசுறதா திரையில எழுத்து வருதே, அதுல ஒவ்வொரு வார்த்தையும் நான் எழுதினது. அதுக்கு.”

ஹாலிவுட் படங்களுக்கு அப்போது இன்னும் வாய் முளைக்கவில்லை. நாயகன் உதட்டை அசைப்பான். அடுத்த நொடி கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்தில் அவன் பேச்சு வரும். வெல்மார் உதட்டை அசைத்தால் நாட்டில் பாதிப் பெண்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். தியோலிந்தாவின் அம்மாவும் தேடினாள். சான் பெட்ரோ துறைமுகத்தில் மத்தி மீனை டப்பாவில் அடைத்து அடைத்துக் கை வெடித்தவள். எழுத்து வாசனை கிடையாது. ஆலைப் பதிவேட்டில் தன் வரியைக் கண்டுபிடிப்பதற்காக ‘ஃபுர்தாடோ’ என்ற குடும்பப் பெயரை, அந்த ஒரே சொல்லை மட்டும் அடையாளம் தெரிந்துவைத்திருந்தாள். ஞாயிறுதோறும் பக்கத்து நாற்காலிக்காரியை அட்டை வாசிக்கச் சொல்லி, அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

“அதை எழுதினது நான்தாம்மா.”

“போடி இவளே! உனக்கு அவ்வளவு பதமாப் பேச வருமா?”

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் தியோலிந்தாவுடையது. பட்டத்தைச் சுவரில் மாட்டியும் அம்மா நம்பவில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே சொல்லைத் திரையில் காட்டிவிட வேண்டும். அவ்வளவுதான்.

ப்ரிட்சர்ட் சிரித்தார். “உன் வார்த்தைக்கா அழறாளுங்க? பாசடீனா சங்கதி மறந்துபோச்சா?”

மறக்கிற சங்கதியா? அட்டை எழுதும் கூடத்தில் இரண்டு படங்களின் அட்டைகளை ஒரே பலகையில் காயப்போட்டிருந்தார்கள். ஒன்று வெல்மாரின் காதல் படம். இன்னொன்று பால் பண்ணைக்காரர்களுக்கான பாடப் படம். படச்சுருளை வெட்டி ஒட்டுகிறவன் அவசரத்தில் மாற்றி ஒட்டிவிட்டான். பாசடீனாவில் முன்னோட்டக் காட்சி. நிலா வெளிச்சம், மாடம், வெல்மார் நாயகியின் கையைப் பற்றி உதட்டை அசைக்கிறான். அட்டை வருகிறது: “செவ்வாய்க்கிழமையிலிருந்து பழுப்புப் பசு பால் தருவதில்லை. வைக்கோலை மாற்றிப் பாருங்கள்.”

அரங்கமே விம்மியது.

ப்ரிட்சர்ட் இழுப்பறையிலிருந்து, அன்று படம் பார்த்தவள் ஒருத்தி எழுதிக் கொடுத்த கருத்துச் சீட்டை எடுத்து, பிரசங்கம் பண்ணும் குரலில் வாசித்தார். “‘அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்து நினைத்து அழுதேன். என் வீட்டுக்காரர் பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை.’ கேட்டியா?”

கதவு திறந்தது. உள்ளே வந்த ஆள் தொப்பி மாட்டும் கம்பத்தில் முட்டிக்கொண்டு, கம்பத்திடமே மன்னிப்புக் கேட்டான். ராட்ரிகோ வெல்மார்தான். சொந்தப் பெயர் ஆர்வில் ஸ்டப்ஸ். நெப்ராஸ்காவில் மாடு கறந்துகொண்டிருந்தவன். ஸ்டூடியோவுக்குள் கண்ணாடி போடக் கூடாது என்று அவனுடைய ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

“நீங்களே சொல்லுங்க, ஆர்வில்,” என்றாள் தியோலிந்தா. “அப்படி என்னதான் இருக்கு உங்ககிட்ட?”

“எனக்கென்ன தெரியும், தாயே? எதிர்ல நிக்கிறது நாயகியா தூணான்னு தெரியாம முழிக்கிறேன். அதுக்குப் பேரு தாபமாம். அந்த மாட சீன்ல நான் நிஜமா என்ன சொன்னேன் தெரியுமா? பூட்ஸ் கடிக்குதுன்னு சொன்னேன்.” சொல்லிவிட்டு, குரல் வந்த திசையில் ஆளைத் தேடிக் கண்களைச் சுருக்கி அவளைப் பார்த்தான்.

தியோலிந்தாவின் முழங்கால் ஒரு நொடி விட்டுப்போனது. எல்லாம் தெரிந்த முழங்கால், பட்டம் வாங்கிய முழங்கால்! அவளுக்கு வந்த கோபத்தில் மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“பாத்தியா, பாத்தியா!” ப்ரிட்சர்ட் தொடையைத் தட்டினார். “இப்ப அவன் தவிடு இருக்கான்னு கேட்டாக்கூட நீ அழுதிருப்பே. நீ எழுதினதுன்னு தெரிஞ்சா இந்த மயக்கம் நிக்குமா? பேரெல்லாம் கிடையாது. அட்டையை எவளும் படிக்கிறதில்லம்மா. நானே படிக்கிறதில்ல!”

சொன்னபடியே தாள்களை இழுத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் தன் கையெழுத்துக் கீறலைப் போட ஆரம்பித்தார். அந்தக் கீறல் இல்லாத தாளுக்கு அட்டை எழுதுகிறவர் தூரிகையைத் தொடமாட்டார். கீறல் இருந்தால் கழுதைப் படம் என்றாலும் கேள்வி கேட்காமல் வரைந்துவிடுவார். முதல் தாளிலும் கீறல் விழுந்தது. காலையில் டிராமுக்குக் கிளம்புவதற்கு முன்பே தியோலிந்தா தட்டச்சு செய்திருந்த தாள் அது. அதில் ஒரே வரி: “வசனம்: தியோலிந்தா ஃபுர்தாடோ.”

“ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்களேன்,” என்றாள். சொல்லவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

“அட, போம்மா! வேலையைப் பாரு.”

நாற்பத்திரண்டு தாள்களையும் அடுக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆர்வில் கதவென்று நினைத்து அலமாரியைத் திறந்து வழிவிட்டான். அவனைச் சுற்றிக்கொண்டு நிஜக் கதவைத் திறந்து, திரும்பிப் பார்க்காமல் அட்டை எழுதும் கூடத்தை நோக்கி நடந்தாள்.