முழங்கையும் நெஞ்சும்

வயல் வட்டையில் வரம்பு கட்டும்போது கோணாமலைக்கு நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவது போல் இருந்தது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். வாய்வென்று சொல்லி உள்ளிப்பூண்டு தின்று சமாளித்த காலம் போய்விட்டது. பழுகாமத்துக்கு வந்த நடமாடும் கிளினிக்கில், முழங்கைச் செதிளுக்குக் களிம்பு கேட்கப் போனவனிடம் டாக்டரம்மா வேறு கதை சொல்லியிருந்தார்.

"சொரியாசிஸ் தோலோட நிக்கிற வருத்தமில்ல. உள்ளுக்க ரத்தக்குழாயும் அழலும். இது இருக்கிறவங்களுக்குச் சீனி, பிரஷர், நெஞ்சு வருத்தம் வாறது கூட. வியாழக்கிழமைதான் டவுன் ஆஸ்பத்திரியில நெஞ்சுக் கிளினிக், போய் இசிஜி எடுங்க. சுணக்க வேணாம்."

டவுனுக்குப் போக வாவியைக் கடக்க வேண்டும். அக்கரையில் ஆமியின் சோதனைச்சாவடி. சமாதானப் பேச்சு முறிந்த பிறகு சோதனை இறுகியிருந்தது. இயக்கத்தில் ஆயுதப் பயிற்சி எடுத்தவனுக்குத் தவழ்ந்து தவழ்ந்து முழங்கையும் முழங்காலும் காய்த்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. கோணாமலைக்குச் செதிள் படர்ந்ததும் அதே இடங்களில்தான். போன சித்திரையில் மத்தியானம் வரை வெயிலில் இருத்திவைத்தார்கள்.

"செதிள் இருந்தாத்தானே பிடிப்பாங்க?" என்றாள் மனைவி புஸ்பம். புதன் பின்னேரம் அவனைக் கிணற்றடியில் இருத்தி, தேங்காயெண்ணெய் பூசி ஊறவிட்டு, காய்ந்த பீர்க்கங்காய் நாரால் தேய்த்தாள்.

"மெல்லப் புள்ள! சட்டியெண்டு நினைச்சியா?"

"சட்டி இவ்வளவு கத்தாது."

செதிள் போனது. அடியில் சிவந்த தோல் கசிந்தது.

மறுநாள் காலை, ஊரார் 'பாதை' என்று சொல்லும் மிதவையில் இருவரும் அக்கரை போய் இறங்கினார்கள். சிப்பாய் சட்டைக் கையை மடிக்கச் சொன்னான். முழங்கையைப் பார்த்ததும் இன்னொருவனைக் கூப்பிட்டான்.

"புதுக் காயம். எங்க ட்ரெயினிங்?"

"தோல் வருத்தம் ஐயா," என்றான் கோணாமலை.

"நான்தான் ஐயா தேய்ச்சன்," என்று புஸ்பம் முன்னால் வந்தாள்.

"ஏன் தேய்ச்ச? எதை மறைக்க?"

இருவரையும் ஓரமாக வெயிலில் இருத்தினார்கள்.

விட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. கிளினிக் மூடியிருக்கும். திரும்பும் பாதையில் கோணாமலை நெஞ்சைத் தடவியபடி பலகையில் குந்தினான்.

"அடுத்த வியாழன் போவம்," என்றான். "அதுக்குள்ள செதிள் வந்திரும். பழசெண்டா மத்தியானத்தோட விட்டிருவான்."

"நெஞ்சு அதுவரைக்கும் பொறுக்குமா?"

புஸ்பம் அவனுடைய மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டாள். துணி காயத்தில் ஒட்டிக்கொண்டது. அதை இழுத்துவிடக்கூட அவனுக்குச் சத்தில்லை.